ஏரிக்கரையோடு நின்றுவிடும் விழாக்கள்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நீர்வழி காக்கும் மக்கள் கூடுகைகள்: ஒரு மதிப்பீடு

புதுச்சேரியின் கிராமப்புறத்தில் தண்ணீரை முன்னிட்டு மக்கள் கூடும் நாட்கள் ஆண்டில் பல. ஜனவரியில் ஊசுட்டேரிக் கரையில் பைனாகுலரும் குறிப்பேடுமாகப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரி 2இல் ஈரநில நாள். மாசி மகத்துக்குத் திருக்காஞ்சியில் சங்கராபரணி ஆற்றில் தீர்த்தவாரி. மார்ச் 22 வந்தால் பள்ளிகளில் உலக நீர் நாள் உறுதிமொழி. மழைக்கு முன்னால் கரைகளில் பனைவிதை ஊன்றுகிறார்கள். ஏரி நிரம்பிக் கோடி போனால் கலங்கலில் பூசை போடுகிறார்கள். இவற்றில் எது ஊர்க்காரர்களுக்குத் தங்கள் தண்ணீர் வரும் வழியைக் கற்றுத் தந்தது? எது ஒரு வாய்க்காலையாவது காப்பாற்றியது?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை, அதாவது ஊரக உள்ளாட்சிப் பகுதிகளை, மையமாக வைத்து இந்தக் கேள்வியைப் பார்க்கும்போது ஒரு பொதுக்குறை தென்படுகிறது. கூடுகைகளில் பெரும்பாலானவை ஏரிக்கரையிலோ ஆற்றுப் படித்துறையிலோ முடிந்துவிடுகின்றன. தண்ணீர் வந்து சேரும் பாதை முழுவதையும் அவை தொடுவதில்லை. நாளை காலை மதகைப் பார்த்துக்கொள்வது யார் என்று முடிவு செய்துவிட்டுக் கலைவதும் அரிது.

இரண்டு ஆறுகள், 84 ஏரிகள்

புதுச்சேரிப் பகுதியில் 84 பாசன ஏரிகள் உண்டு. பெரியது ஊசுட்டேரி, அடுத்தது பாகூர் ஏரி. ஊசுட்டேரி வில்லியனூர்ப் பக்கம். ஏறக்குறைய 800 ஹெக்டேர் பரப்பில் கிட்டத்தட்டப் பாதி புதுச்சேரியிலும் மீதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலும் கிடக்கிறது. அதற்குச் சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியே தண்ணீர் வருகிறது. செஞ்சிக்கு மேற்கே பக்கமலைக் குன்றுகளில் பிறக்கும் சங்கராபரணி, வீடூர் அணையைத் தாண்டி வந்து வில்லியனூரைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறது.

பாகூரின் கதை இதைவிட நீளம். பாகூர் ஏரியை நிரப்பும் பங்காரு வாய்க்கால், சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையிலிருந்து பிரிகிறது. தென்பெண்ணையோ கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தொடங்கி, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை எல்லாம் கடந்து வருவது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பாகூரின் நஞ்சை, இரண்டு மாநிலங்கள் மிச்சம் விட்ட தண்ணீரை நம்பியிருக்கிறது. இதனால்தான் சொர்ணாவூரில் இவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்பது ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே இரு அரசுகளுக்கு இடையே ஒப்பந்தம் போடும் விவகாரமாக இருந்தது.

இந்த நில அமைப்பைப் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றாலேயே விளக்கலாம். ஒரு ஹெக்டேரில் ஒரு செ.மீ. மழை பெய்தால் அது ஒரு லட்சம் லிட்டர். ஊசுட்டேரி முழுவதன் மேலும் ஒரு செ.மீ. பெய்தால் எட்டுக் கோடி லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் இங்கே ஆண்டு மழை சராசரியாக 130 செ.மீ. அளவில்தான் இருக்கிறது. ஏரியின் மேல் நேராக விழும் அவ்வளவு மழையும் வெயில் குடிப்பதற்கே ஏறக்குறையச் சரியாகிவிடும். ஏரியை ஏரியாக வைத்திருப்பது வரத்து வாய்க்காலும் அதற்குப் பின்னால் விரிந்துகிடக்கும் நீர்ப்பிடிப்பு நிலமும்தான். கரையை மட்டும் சுத்தம் செய்யும் நிகழ்ச்சி இந்தக் கணக்கின் சிறு பகுதியைத்தான் தொடுகிறது.

பழைய ஏற்பாடும் அதன் நிழலும்

பாகூர் பழைய ஊர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடு, இங்கிருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாகத் தந்ததைச் சொல்கிறது. மூலநாதர் கோயில் சுவர்களில் சோழர், ராஷ்டிரகூடர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கல்வியும் கோயிலும் நெல்லும் சேர்ந்திருந்த ஊரில் ஏரியைக் கவனிப்பது ஊர்ச்சபையின் வேலையாக இருந்தது இயல்பே.

பிற்காலத்தில் அது குடிமராமத்து என்ற பெயரில் நீடித்தது. சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயர் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து அதையும் அரசு உத்தரவாக்கினார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியின் கீழ், பாசனம் பெறும் நிலக்காரர்கள் சேர்ந்த விவசாயச் சங்கங்கள் ஏரிகளைப் பார்த்துக்கொண்டன. பாகூர் ஏரிக்கும் அப்படி ஒன்று இருந்தது. கோடையில் வண்டல் வெட்டுவது, மழைக்கு முன் வாய்க்கால் கோரை பிடுங்குவது, முறை வைத்துத் தண்ணீர் விடுவது எல்லாம் தேதி போட்டு நடந்த ஊர்க் காரியங்கள். இவற்றுக்கு விழிப்புணர்வு என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் பத்து வயதுப் பையனுக்கும் எந்த மடை யார் நிலத்துக்குப் பாய்கிறது என்பது தெரிந்திருந்தது.

இதைப் பொற்காலமாக்கிப் பாடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தண்ணீர் நிலம் உள்ளவர்களுக்கு, மண் சுமப்பது நிலம் இல்லாதவர்களுக்கு என்ற பிரிவினையில்தான் அந்த ஏற்பாடு ஓடியது. மண்வெட்டி பிடித்தவர்களில் பலர் சேரிக்காரர்கள். முறை பேசும் கூட்டத்தில் உட்கார அவர்களுக்கு இடம் இல்லை, பெண்களுக்கும் இல்லை. ஆகவே பழைய கூட்டுழைப்பை மீட்போம் என்று இன்று பேசுகிறவர்கள் அதன் உழைப்பை மட்டும் கேட்டு, உரிமையை மறந்துவிட்டால் ஆட்கள் வர மாட்டார்கள்.

ஏற்பாடு குலைந்ததற்கு ஆழ்துளைக் கிணறும் ஒரு பெரிய காரணம். பசுமைப் புரட்சிக் காலத்திலிருந்து மின்மோட்டார் போட்ட போர் பெருகப் பெருக, நிலக்காரர் ஏரியை நம்புவது குறைந்தது. தன் வயலில் சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் வரும்போது ஏரிக் கூட்டத்துக்குப் போக எதற்கு என்ற நிலை வந்தது. கடலோரப் பாகூர் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் ஏறுவது பற்றிய கவலை இதன் பின்விளைவு. ஏரி நிரம்பினால்தான் போரும் ஊறும் என்பது தாமதமாகத்தான் உறைத்தது.

1999: சங்கங்கள் பிறந்த திட்டம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு 1999இல் தொடங்கிய புதுச்சேரி ஏரிச் சீரமைப்புத் திட்டம், இந்த வட்டாரத்தின் தண்ணீர்க் கூடுகைகளில் மிக விரிவான பரிசோதனை. 84 ஏரிகளையும் செப்பனிடுவது அதன் பொறியியல் பகுதி. ஒவ்வோர் ஏரிக்கும் ஊர்க்காரர்களைக் கொண்ட ஏரிச் சங்கம் அமைப்பது அதைவிடக் கடினமான பகுதி. புதுச்சேரி அறிவியல் இயக்கத்தோடு தொடர்புடைய சூழலியல், ஊரக மேம்பாட்டு மையமும் பிற தொண்டு நிறுவனங்களும் ஊர் ஊராகப் போய்ச் சங்கம் கட்டும் வேலையில் இறங்கின. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் புதுச்சேரிக் கிராமங்களில் பாட்டும் நாடகமுமாகப் பெண்களைத் திரட்டியிருந்தது. அந்த அனுபவம் இங்கே கைகொடுத்தது.

இந்தத் திட்டக் கூட்டங்களின் சிறப்பு, அவை முடிவெடுக்கும் கூட்டங்களாக இருந்ததுதான். எந்த மதகை முதலில் சரிசெய்வது, எவ்வளவு ஆழம் தூர்வாருவது, வண்டலை யார் எடுப்பது, மீன் ஏலப் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பவை பேசப்பட்டன. நிலம் இல்லாதவர்களையும் பெண்களையும் சங்கத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதும் நோக்கத்திலேயே இருந்தது. ஏரி என்பது பாசனம் மட்டுமல்ல, மாடு குளிப்பாட்டும் துறை, மீன், கோரை, நிலத்தடி ஊற்று எல்லாம் சேர்ந்தது என்று ஏற்றுக்கொண்டால், நிலமற்றவரும் ஏரிக்காரர் ஆகிவிடுகிறார்.

திட்டம் முடிந்தபின் என்ன ஆயிற்று என்பதில்தான் பாடம் இருக்கிறது. மீன் ஏலமும் மரமும் தரும் வருமானத்தின் மீது சட்டப்படியான பிடி இல்லாத சங்கம், திட்டப் பணம் நின்றதும் தளர்ந்துபோகும். பொதுப்பணித் துறைக்கு ஏரி, வருவாய்த் துறைக்கு நிலம், கொம்யூன் பஞ்சாயத்துக்கு ஊர்க் குளம் என்று அதிகாரம் பிரிந்து கிடக்கும் இடத்தில், சங்கத்தின் தீர்மானம் மனுவாகத்தான் போய்ச் சேரும். பங்கேற்பு என்ற சொல்லுக்கு உயிர் கொடுப்பது பணப்பெட்டியின் சாவி.

பிரசார ஆண்டு

2019 கோடையில் சென்னை குடிநீருக்குத் தவித்தபோது புதுச்சேரியும் அச்சத்தில் இருந்தது. மத்திய அரசு ஜூலை 1இல் நீர் சேமிப்புப் பிரசாரமான ஜல் சக்தி அபியானைத் தொடங்கியது. புதுச்சேரி மாவட்ட நிர்வாகம் ‘நீரும் ஊரும்’ என்ற பெயரில் குளங்களை மீட்கும் பிரசாரத்தை நடத்தியது. அரசுத் துறைகள், கல்லூரி மாணவர், கோயில் நிர்வாகங்கள், ஊர் இளைஞர் மன்றங்கள் என எல்லாரும் இறங்கினார்கள். அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி வாரயிறுதிச் சுற்றுகளில் ஏரிகளையும் வாய்க்கால்களையும் நேரில் பார்த்தார். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் வாய்க்கால்கள் தூர்வாரப்பட்டன.

இந்த அலையின் பலனைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் வேலிக்காத்தானும் குப்பையுமாகத் தூர்ந்து கிடந்த ஊர்க் குளங்களில் தண்ணீர் நின்றது. அதே வேளையில் பிரசாரத்தின் இயல்பான குறையும் தெரிந்தது. ஜேசிபி வந்து ஒரே நாளில் வெட்டிப்போட்ட குளத்தைப் பார்த்துக் கைதட்டுவதும், வெட்டிய அளவு எவ்வளவு, கரையின் சரிவு சரியா, வரத்து வாய்க்கால் திறந்திருக்கிறதா என்று கேட்பதும் வேறு வேறு. அதிகாரி மாற்றலாகிப் போனால் ஆர்வமும் அவரோடு மாற்றலாகிப் போகும் என்பது எல்லா மாவட்டங்களுக்கும் பொருந்தும்.

எண்ணுகிறவர்களும் நீராடுகிறவர்களும்

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் பறவை ஆர்வலர்கள் விடாமல் வரும் இடங்கள். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, ஊசிவால் வாத்து என்று இனம் பிரித்து எண்ணும் மாணவர், நீர் ஆழம் மாறினால் பறவை மாறுவதைத் தானே கண்டுகொள்கிறார். இப்படித் தொடர்ந்து சேர்ந்த பதிவுகள்தான் ஊசுட்டேரியின் மதிப்பை அரசுக்கு உணர்த்தின. புதுச்சேரி அரசு 2008இல் தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு சில ஆண்டுகள் கழித்துத் தன் பக்கத்தையும் அறிவித்தது.

ஒரே தண்ணீருக்கு இரண்டு அறிவிப்பு, இரண்டு வனத்துறை. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைப் பக்கத்துக் கழிவுநீரோ, வரத்து வாய்க்காலின் ஆக்கிரமிப்போ அந்த எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. பறவையைக் காக்கும் விதிகள் ஏரியில் வலை வீசிப் பிழைத்தவர்களோடு பேசாமல் வந்ததால் கசப்பும் உண்டு. கணக்கெடுப்பு நாளில் அவர்களையும் படகோடு அழைத்து, மீன் குறைந்த ஆண்டு எது, எந்தப் பக்கம் தண்ணீர் நாறியது என்று கேட்டு எழுதினால், பறவைப் பதிவேடு ஏரிப் பதிவேடாகும்.

மறுபக்கம் பக்தி கூட்டும் கூட்டம். 2023 ஏப்ரல் 22 முதல் மே 3 வரை திருக்காஞ்சி கங்கைவராக நதீஸ்வரர் கோயில் படித்துறையில் சங்கராபரணிக்குப் புஷ்கரணி விழா நடந்தது. எந்தச் சூழலியல் கூட்டத்துக்கும் வராத கூட்டம் அங்கே வந்தது. ஆற்றுக்கு ஆரத்தி எடுத்தார்கள். பலருக்குத் தங்கள் ஊருக்கு அருகே இப்படி ஓர் ஆறு இருக்கிறது என்பதே அப்போதுதான் நெஞ்சில் பட்டிருக்கும். ஆற்றைத் தாயாகக் கும்பிடுகிற மனம், அதே ஆற்றில் சாக்கடை கலப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது ஏன் என்று கேட்க அந்தப் பன்னிரண்டு நாட்களைவிட நல்ல மேடை கிடைக்காது. தீர்த்தவாரிப் பந்தலில் அன்றைய ஆற்றுநீரின் சோதனை முடிவை எழுதி ஒட்டுவது பெரிய செலவு இல்லை. பக்தியைக் கேலி செய்யாமல் அதோடு அறிவியலைச் சேர்க்க இங்கே வழி உண்டு.

வெள்ளம் நடத்திய பாடம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை. இது நகரத்தின் துயரம். பாகூருக்கு அடுத்த அடி மேலிருந்து வந்தது. டிசம்பர் 2இல் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர்ப் பகுதி ஆற்றோர ஊர்களில் புகுந்தது. வீடூர் அணை திறந்ததால் சங்கராபரணியும் வில்லியனூர்ப் பக்கம் பெருகியது.

அந்த வாரம் பாகூர்க்காரர்கள் தங்கள் நீர்ப்பிடிப்பின் வரைபடத்தைப் பாடப்புத்தகம் இல்லாமலே கற்றார்கள். மேலே திறக்கும் அணை, வழியில் இருக்கும் கரை, கீழே இருக்கும் ஊர் ஆகிய மூன்றும் ஒரே கணக்கில் அடங்கியவை. ஆனால் அணை திறக்கும் செய்தி கடைசி ஊரின் கடைசி வீட்டுக்கு எத்தனை மணி நேரத்தில் வந்து சேர வேண்டும், யார் சொல்ல வேண்டும், மாடுகளை எங்கே ஓட்டுவது என்பதற்கான ஒத்திகை எந்த நீர் நாள் நிகழ்ச்சியிலும் இடம்பெறுவதாகத் தெரியவில்லை. நீர்ப்பிடிப்புக் கல்வி என்றால் வறட்சியை மட்டும் பேசுவது என்ற பழக்கத்தை இந்த வெள்ளம் மாற்ற வேண்டும்.

வெளியூர் அனுபவம்

ஆந்திரத்தின் வறண்ட மாவட்டங்களில் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் ஆதரவோடு 2000களில் நடந்த விவசாயிகளின் நிலத்தடி நீர் மேலாண்மைத் திட்டம் இங்கே ஒப்பிடத் தகுந்தது. விவசாயிகளே மழைமானியை வைத்துக்கொண்டார்கள். குறித்த கிணறுகளில் அளவு நாடாவை இறக்கித் தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்று குறித்து, அதை ஊர்ச் சுவரில் வரைந்த பலகையில் எழுதினார்கள். மழைக்காலம் முடிந்ததும் ஊர் கூடும். நிலத்தடியில் இவ்வளவு இருக்கிறது, நெல் இத்தனை ஏக்கர் வைத்தால் இவ்வளவு போகும், கடலை வைத்தால் இவ்வளவு என்று எல்லார் முன்னும் கணக்குப் போடுவார்கள். யாரும் யாருக்கும் தடை விதிப்பதில்லை. எண் கண்முன்னே நிற்பதால் பலர் தாமாகவே பயிரை மாற்றினார்கள். விழாவாகத் தொடங்கி முடிவாக முடியும் கூட்டம் இது.

ராஜஸ்தானில் அர்வரி ஆற்றுக் கரையில் 1990களின் இறுதியில் உருவான நதி நாடாளுமன்றம் இன்னொரு வகை. ஆறு பாயும் ஊர்கள் எல்லாம் ஆளனுப்பி ஆற்றுக்காகக் கூடின. அதற்குச் சட்ட அதிகாரம் கிடையாது. ஆனால் மேலூரும் கீழூரும் ஒரே பாயில் உட்கார்ந்தன. புதுச்சேரிக்கு மிகவும் தேவைப்படுவது இதுவே. சொர்ணாவூர்க்காரரும் பாகூர்க்காரரும், வீடூர்க்காரரும் வில்லியனூர்க்காரரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து பேசும் வழக்கமான நாள் என்று ஆண்டில் ஒன்றும் இல்லை. அதிகாரிகளின் கூட்டம் உண்டு, ஊர்களின் கூட்டம் இல்லை.

கூடுகைக்கு ஒரு நாள்காட்டி

இதுவரை பார்த்தவற்றைத் தொகுத்தால், பலன் தந்த கூடுகைகளில் மூன்று கூறுகளைக் காணலாம். தண்ணீரோடு நடந்து பார்த்தார்கள், அளந்து எழுதினார்கள், முடிவில் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். எது குறைந்ததோ அந்த இடத்தில் கூடுகை தேய்ந்தது. ஏரிச் சங்கங்களுக்குப் பொறுப்பு இருந்தது, அதைத் தாங்க வருமானம் இல்லை. பறவைக் கணக்கெடுப்புக்கு அளவு இருக்கிறது, ஊர் இல்லை. புஷ்கரணிக்கு ஊர் இருக்கிறது, அளவு இல்லை.

இம்மூன்றையும் சேர்க்கப் புது விழா எதுவும் தேவைப்படாது, இருக்கும் நாட்களே போதும். ஆடிப்பெருக்கை ஒட்டி வாய்க்கால் நடை: சொர்ணாவூர் அணைக்கட்டில் தொடங்கிப் பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரி வரை. வழியில் பார்க்க வேண்டியவை தெளிவானவை. நாணல் மூடிய வளைவு, வாய்க்காலைவிடக் குறுகலாகப் போட்ட சாலைப் பாலம், வீட்டுச் சாக்கடை விழும் இடம், பலகை இல்லாத மதகு. ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, அடி அளந்து, புரட்டாசி முடிவதற்குள் கொம்யூன் அலுவலகத்திலும் பொதுப்பணித் துறையிலும் தர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை அளவும் மதகில் நீர்மட்டமும் தினம் குறிக்கலாம். அணை திறப்புச் செய்தி வந்தால் சொல்ல வேண்டிய வீடுகளின் பட்டியலும் அதே குறிப்பேட்டில் இருக்க வேண்டும். தையில் பொங்கல் முடிந்ததும் ஆந்திர ஊர்களைப் போலத் தண்ணீர்க் கணக்குக் கூட்டம் கூட்டலாம். சித்திரையில் ஏரி வற்றியதும் வண்டல். அதில் முதல் பங்கு சிறு விவசாயிக்கும் மண் வேலை செய்பவருக்கும்.

இந்தப் பட்டியலை வாங்கிக்கொள்ளும் கையும் வேண்டும். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தபின் மீண்டும் தேர்தல் நடக்கவில்லை. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை நடத்துவது அதிகாரிகள். ஊர்க்காரர் தேர்ந்தெடுத்தவர் இல்லாத இடத்தில் கிராமசபைக்கும் பலம் இல்லை. ஏரிச் சங்கங்கள் தளர்ந்ததும், பிரசாரங்கள் ஆளோடு போனதும், வாய்க்கால் ஆக்கிரமிப்பு மனுவாகவே தங்கியதும் இந்தக் காலியிடத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

அதனால் நீர்ப்பிடிப்பைக் காக்கக் கூடுகிறவர்கள் இரண்டு கோரிக்கைகளை ஒன்றாகவே வைக்க வேண்டும்: ஏரியின் மீன், மர வருமானத்தில் ஊருக்குச் சட்டப்படி பங்கு, கொம்யூனுக்குத் தேர்தல். அவை கிடைக்கும்வரை நடையையும் அளவையும் நிறுத்திவைக்க வேண்டியதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் விடாமல் எழுதிய குறிப்பேடு கையில் இருந்தால், தேர்தல் எப்போது வந்தாலும் வேட்பாளரிடம் எந்தப் பாலத்தை எத்தனை அடி அகலப்படுத்துவார் என்று கேட்கலாம். அதிகாரியிடமும் அதே கேள்வியை இன்றே கேட்கலாம்.